ஈரற் புற்றுநோயும் கலமென்சவ்வின் கொழுப்பும்

உலகில் 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் 7 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஈரற் புற்றுநோயால் உயிரிழந்தனர். நோய் வெளித்தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுவதே இந்நோயின் கொடுமையாகும். ஓசையின்றி வளரும் அக்கட்டியைப் புரிந்துகொள்ள விஞ்ஞானிகள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருவனவற்றுள் கலமென்சவ்வின் கொழுப்பும் ஒன்றாகும்.

கலமென்சவ்வு வெறும் உறையன்று. பொஸ்போலிப்பிட்டு எனப்படும் கொழுப்பு மூலக்கூறுகள் இரு படைகளாக அடுக்கப்பட்டு, இடையிடையே கொலஸ்ட்ரோலும் புரதங்களும் பதிந்துள்ள நெகிழ்வான அமைப்பே அதுவாகும். இதனை விளக்கும் மாதிரியை சிங்கர், நிக்கல்சன் ஆகிய இருவரும் 1972 இல் முன்வைத்தனர். கொழுப்புகளின் விகிதம் மாறும்போது மென்சவ்வின் நெகிழ்ச்சியும் தொழிற்பாடும் மாறுகின்றன.

ஆரோக்கியமான ஈரற் கலத்தின் மென்சவ்வில், உணவின் வழி பெறப்படும் பல்நிரம்பாத கொழுப்பமிலங்கள் கணிசமாக உள்ளன. கட்டியின் கலங்களோ வேகமாகப் பெருகுவதற்குத் தேவையான கொழுப்பைத் தாமே உற்பத்தி செய்கின்றன. அவ்வாறு உருவாகுபவை பெரும்பாலும் நிரம்பிய கொழுப்பமிலங்களும் ஒற்றை நிரம்பாத கொழுப்பமிலங்களுமாகும். இவை ஒட்சியேற்றத்தால் எளிதில் சிதைவதில்லை. கட்டிக்கு இது ஒரு கவசமாகின்றது.

கொலஸ்ட்ரோலிலும் வேறுபாடு உண்டு. உணவில் கொலஸ்ட்ரோல் அதிகரித்தால் நல்ல ஈரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். ஈரற் கட்டிகள் இக்கட்டுப்பாட்டை இழந்துவிடுகின்றன என்பதை அமெரிக்க ஆய்வாளர் சிப்பர்ஸ்டீனும் அவரது சகாவும் 1964 இல் எலிகளில் கண்டறிந்தனர். கட்டிக் கலங்களின் இழைமணி மென்சவ்வில் கொலஸ்ட்ரோல் மிகுவதால் அவை மருந்துகளுக்கு இலகுவில் மடிவதில்லை என்பதைப் பிந்திய ஆய்வுகள் எடுத்துக்காட்டின.

இக்கண்டுபிடிப்புகளிலிருந்து தவறான முடிவுகளுக்கு வந்துவிடலாகாது. இரத்தத்தில் கொலஸ்ட்ரோலை அளந்து ஈரற் புற்றுநோயை அறிய முடியாது. ஏதேனுமோர் எண்ணெயை உட்கொண்டு கட்டியின் மென்சவ்வைச் சீர்செய்துவிடவும் முடியாது. அவ்வாறு கூறி விற்பனை செய்வோரிடம் நோயாளர்கள் ஏமாந்து, சிகிச்சைக்குரிய பொன்னான காலத்தை இழந்துவிடக் கூடாது.

மது அருந்தாதோருக்கு ஈரல் நோய் வராது என்ற நம்பிக்கையும் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. கலத்தினுள் கொழுப்புத் துளிகள் தேங்குவதால் ஏற்படும் ஈரற் கொழுப்பு நோய், மென்சவ்வு மாற்றத்திலிருந்து வேறானது. எனினும் அதுவும் காலப்போக்கில் ஈரல் இறுகுவதற்கும் புற்றுநோய்க்கும் வழிவகுக்கலாம். ராகமையில் 35 முதல் 64 வயது வரையானோரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், மதுவுடன் தொடர்பற்ற இந்நோய் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் காணப்பட்டது.

எனவே நீரிழிவையும் உடற்பருமனையும் கட்டுப்படுத்துவதும், ஹெப்பரைற்றிஸ் பி தடுப்பூசியைத் தவறாது பெறுவதும் அவசியமாகும். ஈரல் இறுகியோர் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கான் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். ஆய்வுகூடங்கள் புதிய மருந்துகளைத் தேடட்டும். நோயை வேளையோடு கண்டறியும் பொறுப்பு நம் ஒவ்வொருவருக்கும் உண்டு என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.