உணவுவழி நோய்ப்பரவல் கண்காணிப்பு

ஒரே உணவைச் சாப்பிட்ட இருவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ ஒரே விதமான நோய் கண்டால் அதை உணவுவழி நோய்ப்பரவல் என்பர். எந்த உணவால் வந்தது, அது எங்கே கெட்டது என்று தேடிப் பதிந்துவைக்கும் பொதுச் சுகாதாரப் பணியே அதன் கண்காணிப்பு. நூற்றைம்பது ஆண்டுக்குள் ஆய்வுக்கூடம் எவ்வளவோ முன்னேறிவிட்டது. நோயாளியிடம் "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்கும் வேலை மட்டும் பெரிதாக மாறவில்லை.

1888இல் ஜெர்மனியின் ஃபிராங்கன்ஹவுசன் ஊரில் நோயுற்ற பசுவின் இறைச்சியைத் தின்றவர்கள் படுத்துவிட்டனர், ஒருவர் இறந்தார். அந்த இறைச்சியிலும் இறந்தவரின் உடலிலும் ஒரே கிருமி இருப்பதைக் கிருமியியலாளர் ஆகஸ்ட் கெர்ட்னர் கண்டறிந்தார். இன்று அதன் பெயர் சால்மோனெல்லா என்டரிடிடிஸ். தொடர்ச்சியான பதிவு பின்னால்தான் வந்தது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1923இல் பாலால் பரவிய நோய்களை ஆண்டுதோறும் தொகுக்கத் தொடங்கியது. 1938இல் மற்ற உணவுகளும் அதில் சேர்ந்தன.

துப்பறியும் முறைக்குப் பாடமாக இன்றும் சொல்லித்தரப்படுவது 1940 ஏப்ரலில் நியூயார்க் மாநில ஆஸ்வீகோ மாவட்டத்தில் நடந்த ஒரு தேவாலய விருந்து. வந்தவர்கள் சுமார் 80 பேர். விசாரிக்க முடிந்தது 75 பேரை. வாந்தி, வயிற்றுப்போக்கு கண்டவர்கள் 46 பேர். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் தின்றவர், தின்னாதவர் என்று இரண்டு பட்டியல் போட்டார்கள். வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்ட 54 பேரில் 43 பேருக்கு நோய். அதைத் தொடாத 21 பேரில் 3 பேருக்குத்தான். வேறெந்தப் பதார்த்தத்திலும் இவ்வளவு இடைவெளி இல்லை. காகிதமும் பென்சிலும் போதுமாயிருந்த கணக்கு.

ஆனால் இது ஒரே கூடத்தில் உண்டவர்களுக்குத்தான் ஒத்துவரும். 1993இல் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில், ஒரு துரித உணவக நிறுவனத்தின் சரியாக வேகாத ஹாம்பர்கரால் ஈ கோலை ஓ157 என்ற கிருமி பரவி எழுநூறுக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. நான்கு குழந்தைகள் இறந்தனர். ஊர் ஊராகச் சிதறிய நோயாளிகளை ஒன்றுசேர்க்க, 1996இல் பல்ஸ்நெட் என்ற ஆய்வுக்கூட வலையமைப்பு உருவானது. கிருமியின் டிஎன்ஏ துண்டுகள் ஜெல்லில் பதியும் பட்டைகளை ஒப்பிட்டு, தொலைவிலுள்ள இரு நோயாளிகளுக்கு ஒரே மூலமா என்று பார்த்தார்கள். 2013 முதல் லிஸ்டீரியாவுக்கும், 2019இல் ஏனைய கிருமிகளுக்கும் முழு மரபணுத் தொடர் வாசிப்பு அந்த இடத்தைப் பிடித்தது. முன்பு கண்ணில் படாத சிறு பரவல்களும் இப்போது அகப்படுகின்றன. ஆகவே பழைய எண்ணிக்கையையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, உணவு முன்னைவிடக் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

ஆய்வுக்கூட வசதிகள் இருந்தும் 2011இல் ஜெர்மனி தடுமாறியது. ஈ கோலை ஓ104 ஏறத்தாழ 4,000 பேரைத் தாக்கி, ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. முதலில் பழி விழுந்தது ஸ்பெயின் வெள்ளரிக்காய்மேல். அந்நாட்டு விவசாயிகளின் விளைச்சல் குப்பைக்குப் போனது. உண்மைக் காரணம் முளைகட்டிய பயிர். சாலட்டின்மேல் தூவிய சிட்டிகை முளைப்பயிரை யார் நினைவில் வைத்திருப்பார்? முதலில் விசாரித்த நோயாளிகளில் கால்வாசிப் பேரே அதைச் சொன்னார்கள். பிறகு ஆய்வாளர்கள் ஓர் உணவகத்துச் சமையல்காரரிடம் போய், எந்த உணவில் என்னென்ன போட்டார் என்று கேட்டு, வாடிக்கையாளர் தந்த ஆர்டர்களோடு பொருத்தினர். முளைப்பயிர் பரிமாறப்பட்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 14 மடங்கு! எகிப்திலிருந்து வந்த வெந்தய விதைவரை தடம் நீண்டது.

தென்னாப்பிரிக்காவில் 2017–18இல் லிஸ்டீரியாவால் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, இருநூறுக்கும் அதிகமானோர் இறந்தனர். சொவேட்டோவில் ஒரு குழந்தைகள் காப்பகத்திலிருந்து வயிற்றுக்கோளாறோடு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளே துப்புக் கொடுத்தார்கள். காப்பகத்துக் குளிர்பதனப் பெட்டியில் இருந்த பொலோனி என்ற பதப்படுத்திய இறைச்சி, ஆய்வாளர்களைத் தொழிற்சாலைவரை கொண்டுசேர்த்தது.

இந்தியாவில் 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் வாராந்தர அறிக்கைகளில் வயிற்றுப்போக்கும் உணவு நஞ்சாதலும் அடிக்கடி இடம்பெறுகின்றன. பெரும்பாலும் கல்யாண வீடு, விடுதி, பள்ளிச் சாப்பாடு என ஒரே பந்தியில் நடப்பவையே இதில் பதிவாகின்றன. பாக்கெட் உணவால் பல மாவட்டங்களில் ஒருவர் இருவராகப் படுப்பவர்கள் தனித்தனி நோயாளிகளாகவே சிகிச்சை பெற்றுப் போய்விடுகிறார்கள். ஓஆர்எஸ் கரைசலோடு தேறிவிடுபவருக்கு மலப் பரிசோதனை செய்வது அபூர்வம். பரிசோதனை இல்லையென்றால் கிருமி கையில் கிடைக்காது, ஒப்பிட்டுப் பார்க்கவும் எதுவும் மிஞ்சாது.