பழையதும் 'பழையன கழிதலும்'

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையில் எங்கள் வாசகர் கூட்டம் நடந்தது. பேச எடுத்துக்கொண்டது ப.சிவகாமியின் 'பழையன கழிதலும்' நாவல். கூட்டம் காலை பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் சாப்பிடுவதற்கு என்ன ஏற்பாடு என்று பேச்சு வந்தபோது, "தலைப்புலயே பழையது கீதே, ஆளுக்கொரு தூக்கு கொண்டாந்துடலாம்" என்றார் ஒரு தோழர். சிரித்தோம். ஆனால் அப்படியேதான் செய்தோம். எங்க அக்காவும் ஒரு தூக்கில் பழையதும், பொட்டலத்தில் சென்னாக்குனி வறுத்ததும் எடுத்துக்கினு வந்தது. அன்றைக்கு அது கேட்ட ஒரு கேள்விதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

பழையதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு நேரம் இருக்கிறது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் இந்தக் கடலோரத்தில் விடிந்ததும் உட்கார்ந்து நாஷ்டா துன்ன வாய்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். காசிமேட்டில் மீன் ஏலம் விடியறதுக்கு முன்னாலேயே தொடங்கிவிடும். கூடை தூக்கிப்போய் வித்துட்டு பெண்கள் வீடு திரும்ப பத்தரை ஆகும். நைட் ஷிப்டு போன ஆம்பளை எட்டு மணிக்கு வந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்திருப்பான். தெருக்கூட்டப் போனவர்களும், வீட்டு வேலைக்குப் போனவர்களும் அந்த நேரத்துக்குத்தான் திரும்புவார்கள். பசி முற்றிய அந்தப் பதினோரு மணிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருக்க முடியாது. ராத்திரியே தண்ணி ஊத்தி வைத்த சோறு காத்திருக்கும்.

செய்முறை என்று பெரிசாக ஒன்றும் கிடையாது. ராத்திரி மிஞ்சிய சோற்றில் அது முழுகுகிற அளவு தண்ணி ஊத்தி மூடி வைக்கணும். எங்கள் சின்ன வயசில் ராயபுரத்தில் சட்டியை மூடாமல் வைத்தால் காலையில் மேலே கரித்தூள் படிந்திருக்கும். 2011இல் உயர்நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. அதற்குப் பிறகுதான் அந்தத் தொல்லை குறைந்தது. கரிக் கப்பல்கள் எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயின. கரி எங்கும் போகவில்லை, சேரி விட்டுச் சேரி மாறியது. காலையில் சோறு லேசாகப் புளித்திருக்கும். உப்புப் போட்டுக் கையால் பிசைந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். பக்கத்தில் சுட்ட நெத்திலிக் கருவாடோ, சுண்டவைத்த மீன் குழம்போ. மேலாகத் தெளிந்து நிற்கும் தண்ணிதான் நீராகாரம். அந்தச் சோறும் இந்தத் தண்ணியும் தனித்தனி. இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கொஞ்சம் வரலாறு.

ராயபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டான்லி ஆஸ்பத்திரியை எங்க ஆயா கடைசி வரைக்கும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொன்னது. 1782 பஞ்சத்தின்போது அங்கே ஒரு சத்திரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார்கள். மணியக்காரர் சத்திரம் என்பதை ஆங்கிலேயர் 'மணேகார் சவுல்ட்ரி' ஆக்கினார்கள். 1799இல் அங்கே ஒரு மருத்துவமனை வந்தது. 1910இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1938இல் கவர்னர் ஸ்டான்லியின் பெயரில் மருத்துவக் கல்லூரி ஆனது. கல்வெட்டில் கவர்னர் பெயர் இருக்கட்டும், ஜனங்களின் வாயில் நின்றது கஞ்சித்தொட்டிதான். வாங்கிக் குடித்தவர்கள் வைத்த பெயர் அது.

அதைவிடப் பெரிய பஞ்சம் 1876 முதல் 1878 வரை வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று கிழவிகள் சொல்வார்கள். தென்னிந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மெட்ராஸ் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைமலையாகக் குவிந்து கிடந்தன. வாங்கக் காசில்லாதவர்கள்தான் செத்தார்கள். நிலமில்லாத கூலிகள், அதாவது நம் ஆட்கள், முதலில் செத்தார்கள். செலவைக் குறைக்க வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் 1877இல் நிவாரண வேலைக்கு ஒரு கூலி நிர்ணயித்தார். நாள் முழுக்க மண் வெட்டும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், ஓரணாக் காசு. ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. இது போதாது, ஒன்றரை பவுண்டாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற 8 கிலோமீட்டர் பக்கிங்காம் கால்வாய்த் துண்டு அந்தப் பஞ்சக் காலத்து நிவாரண வேலையில் வெட்டியதுதான். அதற்கு வெகுகாலம் முன்பே எண்ணூர்ப் பக்கம் கால்வாய் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் நாம் அதன் கரையில்தான் குடியிருக்கிறோம்.

அந்தக் கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு அதில் குறைச்சல். பஞ்சத்தில் கூட ஒரே அளவு இல்லை. அரசாங்கம் இதைப் புதிதாகக் கண்டுபிடித்ததா, வீட்டில் ஏற்கெனவே இருந்ததைக் காகிதத்தில் எழுதியதா?

இங்கேதான் நாவலுக்கு வரவேண்டியிருக்கிறது.

'பழையன கழிதலும்' 1989இல் வந்தது. தலைப்பு நன்னூல் சூத்திரத்திலிருந்து எடுத்தது. எம்.ஏ. வகுப்பில் அந்தச் சூத்திரத்தைச் சொற்களைப் பற்றிய இலக்கணமாக மனப்பாடம் செய்தேன். சிவகாமி அதைத் தூக்கி ஒரு குடும்பத்தின் மேல் வைத்தார். காத்தமுத்து ஒரு சேரித் தலைவர். ஆதிக்க சாதிக்காரர்கள் அடித்துப் போட்ட தங்கம் என்ற விதவை அவர் வீட்டுக்கு வந்து விழுகிறாள். அவர் அவளுக்காக மனு எழுதுகிறார், போலீசுக்குப் போகிறார், பேரம் பேசுகிறார். வெளியே அவர் போராளி. வீட்டுக்குள் கனகவல்லி, நாகமணி என்று இரண்டு மனைவிகள். காப்பாற்ற வந்த தங்கமும் கடைசியில் அவர் ஆளுகைக்குள் அடங்கிப் போகிறாள். மகள் கௌரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வளர்கிறாள், படிப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறாள்.

ஒரு தலித் தலைவரை இப்படிக் காட்டலாமா, எதிரிக்குக் கத்தி எடுத்துக் கொடுப்பதாகாதா என்று கேட்டவர்கள் உண்டு. எங்கள் கூட்டத்திலும் ஒரு தோழர் கேட்டார். நான் எழுந்து சிவகாமிக்காக வாதாடினேன். சாதியை எதிர்ப்பவன் வீட்டுக்குள் ஆணாக நடந்துகொண்டால் அந்தப் போராட்டம் பாதிப் போராட்டம்தான் என்று நன்றாகவே பேசினேன். கைதட்டல் கூட வந்தது.

அப்போதுதான் அக்கா, தூக்கைத் திறந்து சோற்றைப் பிழிந்து வைத்துக்கொண்டே கேட்டது: "டேய் தம்பி, நல்லாத்தான் பேசற. நம்ம வூட்ல அம்மா எப்ப துன்னும்னு நீ பாத்துக்கிறியா?"

நான் பார்த்ததில்லை.

யோசித்துப் பார்த்தேன். சட்டியைத் திறந்ததும் அம்மா முதலில் சோற்றை அள்ளி நைனாவுக்கு வைக்கும். அடுத்தது எனக்கு. "படிக்கிற புள்ள, வவுத்துல நின்னாதான் மண்டையில ஏறும்." அக்காவுக்குப் பெரும்பாலும் நீராகாரம், அதில் மிதக்கிற நாலு பருக்கை. அதைக் குடித்துவிட்டு இறால் உரிக்கிற கம்பெனிக்கு ஓடும். பத்தாவதோடு அதன் படிப்பு நின்றது. எனக்குப் பீஸ் கட்டியதில் அந்த இறால் காசும் இருந்தது. அம்மா எப்போது சாப்பிட்டது என்பது என் நினைவில் எங்கேயும் இல்லை. டெம்பிளின் கணக்கு எங்கள் சட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதை நான் புத்தகத்தில் படித்துக் கோபப்பட்டேனே தவிர, என் தட்டில் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். "சட்டிய கழுவ சொல்லோ இன்னா கீதோ அத்த வாயில போட்டுக்குவேன். அத்தப் போய் இப்ப கேக்கறான் பாரு" என்றது. கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. இருப்பதைப் பங்கிடுகிற இடத்தில் ஏழைத் தாயை நிறுத்திவிட்டு அவள் பங்கீட்டைக் குற்றம் சொல்வது சுலபம். நான் அதைச் செய்யவில்லை. சட்டியில் இருந்தது ஐந்து பேருக்குப் போதாது, அது சாதி செய்த வேலை, கூலி செய்த வேலை. ஆனால் போதாததை யார் தாங்க வேண்டும் என்று தீர்மானித்தது எது? அது நம் வீட்டுக்குள் இருக்கிறது. அதை வெளியிலிருந்து யாரும் வந்து கழிக்க மாட்டார்கள்.

இன்றைக்குப் பழையதுக்குப் புது மவுசு வந்திருக்கிறது. பெரிய ஓட்டல்களில் மண்சட்டியில் வைத்து விற்கிறார்கள். குடலுக்கு நல்லது என்று அதே ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சியும் செய்கிறார்கள். கஞ்சித்தொட்டி மறுபடியும் கஞ்சிக்கே வந்து சேர்ந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். 'நம் பாரம்பரியம்' என்று அதைத் தூக்கிப் பிடிப்பவர்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும். பழையது நமக்குப் பெருமையாக இருக்கட்டும். யார் சோறு தின்றார்கள், யார் தண்ணி குடித்தார்கள் என்ற பழையது கழியட்டும்.

தன் நாவல் மேல் வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டு, எழுதிய தன்னையே விசாரித்து சிவகாமி 1997இல் 'ஆசிரியர் குறிப்பு' எழுதினார். நம் ஒவ்வொரு வீட்டுக்கும் அப்படி ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. என் குறிப்பை இங்கே எழுதிவிட்டேன்.

அடுத்த கூட்டத்துக்கு பாமாவின் 'சங்கதி' என்று முடிவாகியிருக்கிறது. பழையதை இந்த முறை ஆண்கள் கரைத்துக் கொண்டுவர வேண்டும், பெண்கள் முதலில் உட்கார வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறது. அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன். "நான் இன்னாத்துக்குடா அங்க?" என்கிறது. வருமா என்று தெரியவில்லை. ராத்திரி சோற்றில் தண்ணி ஊத்தி வைக்கப்போவது நான்தான்.