பாறையில் பிறந்த தூரிகை

சென்ற மார்கழியில் ஒரு நாள் காலை, ரமணாசிரமத்துக்குப் பின்புறமாக ஸ்கந்தாசிரமம் போகும் கற்பாதையில் ஏறிக்கொண்டிருந்தேன். எத்தனையோ பேர் மன அமைதி தேடி வரும் அந்த இடத்துக்கு, நான் ஒரு மன வருத்தத்தைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். என் புதிய தொடர்கதைக்குப் படம் வரைய, பத்திரிகை ஆசிரியர் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியை ஏற்பாடு செய்திருந்தார். அவள் காகிதத்தில் வரைவதில்லை, கணிப்பொறியில் வரைகிறவள். நேரில் பார்த்து, பக்குவமாக "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வருவதுதான் என் உத்தேசம்.

பாதையோரத்துப் பாறை ஒன்றில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் சிலேட்டுப் போல ஒரு பலகை. கையில் எழுத்தாணி போல ஒரு கோல். பலகையிலே அண்ணாமலை எழும்பிக்கொண்டிருந்தது. வழவழவென்று மெழுகு பூசிய பொம்மைப் படத்தை எதிர்பார்த்து வந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மலையைத் தொட்டால் விரல் உறுத்தும் போலிருந்தது!

"இந்தச் சொரசொரப்பு எங்கே கிடைத்ததம்மா?" என்று கேட்டேன்.

"நீங்க நிக்கறீங்களே, அந்தப் பாறையிலதான் சார்!" என்றாள் சிரித்தபடி.

இந்தப் பதிலின் அருமை தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பழங்கதை தெரிய வேண்டும்.

தூரிகையைக் கடையில் வாங்குவது பிற்காலத்து வழக்கம். நம் நாட்டுச் சித்திரக்காரர்கள் தங்கள் தூரிகையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். கேரளத்து ஸ்ரீகுமாரர் 16-ஆம் நூற்றாண்டில் எழுதிய 'சில்ப ரத்னம்', கன்றுக்குட்டியின் காது மயிரையும் ஆட்டின் வயிற்று மயிரையும் தூரிகைக்குச் சொல்கிறது. எந்தச் சுவருக்கு எந்த மயிர் என்று அறிவதே பாதி வித்தை.

பிறகு அச்சு இயந்திரம் வந்தது. அன்றைய வாரப் பத்திரிகைகளில் கோட்டுச் சித்திரத்தைத் துத்தநாகத் தகட்டில் அமிலம் கொண்டு அரித்து 'பிளாக்' எடுப்பார்கள். அந்தப் பிளாக்குக்குக் கறுப்புத் தெரியும், வெள்ளை தெரியும்; சாம்பல் தெரியாது. அந்தச் சிறைக்குள் இருந்துகொண்டுதான் நம் ஓவியர்கள் சாகசம் செய்தார்கள். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் வரைந்ததை மறக்க முடியுமா? 'ஆனந்த விகட'னில் சில்பி வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்க'ளைப் பாருங்கள். கோவில் கோவிலாகச் சென்று, சிலைக்கு எதிரே உட்கார்ந்து, மெல்லிய கோடுகளை நெருக்கியும் விலக்கியும் கல்லைக் கல்லாகவே காட்டினார் அவர். சொரசொரப்பு அவர் மையில் இல்லை, விரலில் இருந்தது.

கணிப்பொறிக்கு அந்த விரல் வாய்க்க வெகு காலம் ஆயிற்று. 1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாந்து, ஒளிப் பேனாவால் திரையில் கோடு போட்டுக் காட்டினார். வெறும் கோடுதான். 1973-ல் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ரிச்சர்ட் ஷூப் 'சூப்பர் பெயிண்ட்' செய்தார். 256 நிறங்கள் கிடைத்தன. 1984-ல் பில் அட்கின்சனின் 'மேக் பெயிண்ட்', படம் வரைவதைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுவந்தது. ஆனால் கரிக்கோல் காகிதத்தில் இழுபடும்போது பற்றுமே ஒரு பற்று, அது எதிலும் இல்லை. 1991-ல் மார்க் ஸிம்மரும் டாம் ஹெட்ஜஸும் 'பெயிண்டர்' என்ற மென்பொருளை, வர்ணம் விற்பது போலத் தகர டப்பாவில் வைத்து விற்றார்கள். அதிலேதான் காகிதத்தின் மேடுபள்ளம் திரைக்கு நன்றாக வந்து சேர்ந்தது.

சூட்சுமம் எளிது. தூரிகையின் நுனி என்பது ஒரு சிறு முத்திரை. கோல் நகர நகர, அந்த முத்திரை அடுத்தடுத்து நெருக்கமாகக் குத்தப்படுகிறது. நம் கண்ணுக்கு அது ஒரே கோடு. அதன் அடியில் மேடும் பள்ளமுமான ஒரு பரப்பின் படத்தைப் பரப்பி வைக்கிறார்கள். மெல்லத் தொட்டால் மேட்டில் மட்டும் வர்ணம் பிடிக்கும்; அழுத்தினால் பள்ளமும் நிரம்பும். கையின் அழுத்தத்தைக் கோல் உணர்ந்து சொல்கிறது. முத்திரை எது, பரப்பு எது என்பதை வரைகிறவரே வைத்துக்கொள்ளலாம்.

அவள் வைத்திருந்தது 'கிரிட்டா' என்னும் மென்பொருள். 1999 முதல் பல நாட்டு ஆர்வலர்கள் கூடி வளர்த்தது. காசு கொடுக்க வேண்டியதில்லை. சுவீடன் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சுண்ணக்கட்டி என்று பொருள். வடமொழியிலே 'கிருத' என்றால் 'செய்யப்பட்டது'. அவள் அந்தப் பாறையைப் படம் பிடித்து, நிறம் நீக்கி, மேடுபள்ளத்தை மட்டும் பிரித்துத் தன் தூரிகையைத் தானே செய்திருந்தாள். கன்றுக்குட்டியின் காதைத் தேடிப் போன சித்திரக்காரனுக்கு அவள் பேத்தி முறைதானே!

ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். யாரோ செய்த தூரிகையை வாங்கி, ஊரெல்லாம் ஒரே மாதிரி வரைகிறவர்களும் இருக்கிறார்கள். என் வெறுப்பு அவர்களைப் பார்த்து வந்தது. குற்றம் கருவியினுடையது அல்ல என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

'வேண்டாம்' என்ற சொல்லை விழுங்கிவிட்டுக் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "கதை நடக்கற ஊர்ல மண் எப்படி இருக்கும் சார்? செம்மண்ணா, கரிசலா? வீட்டுச் சுவர் சுண்ணாம்பா, சாணி மெழுகினதா?"

நான் விழித்தேன். பத்து அத்தியாயம் எழுதி முடித்திருந்தேன். அந்த ஊரின் மண்ணை நான் ஒரு நாளும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

"அடுத்த வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேனம்மா" என்றேன்.