பூ ஏன் தட்டையாக உட்காருவதில்லை? - ஒரு குரோஷா வரலாறு

குரோஷா ஊசியைக் கையில் எடுத்து, நடுவில் ஒரு வளையம் போட்டு, சுற்றிச் சுற்றிப் பின்ன ஆரம்பித்தால் அது மூன்று விதமாக முடியும். தட்டு மாதிரி உட்காரும். கிண்ணம் மாதிரி குவியும். இல்லையென்றால் ஓரமெல்லாம் அலை அலையாகக் கோழிக்கொண்டை போலத் தூக்கிக்கொண்டு நிற்கும். டி.வி. பெட்டி மேல், ஃப்ரிட்ஜ் மேல், டீப்பாய் மேல் என்று சமதளமாக எது கிடைத்தாலும் வெள்ளை விரிப்பு போட்ட வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த மூன்றும் நன்றாகத் தெரியும். மாற்றலாகி எந்த ஊருக்குப் போனாலும் ட்ரங்குப் பெட்டியில் அந்த விரிப்பும் கூடவே வரும். நான் ஐதராபாத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் இந்தச் சமாசாரத்துக்குப் பின்னால் எவ்வளவு பெரிய கதை இருக்கிறது என்று புரிந்தது. ஏனென்றால் அதில் பாதிக் கதை இந்தப் பக்கத்துக் கதை.

முதலில் கணக்கை முடித்துவிடலாம், பயப்படாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் வட்டத்தின் ஆரம் ஒரு தையலின் உயரம் அளவு கூடுகிறது. ஆரம் கூடினால் சுற்றளவு அதைப்போல இரண்டு பை மடங்கு, அதாவது ஆறேகால் மடங்கு கூட வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தையலின் உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் சுற்றுக்கு ஆறு தையல் கூட்ட வேண்டும்: 6, 12, 18, 24 என்று போகும். உயரம் இரண்டு மடங்கு இருக்கும் நெட்டைத் தையல் என்றால் 12, 24, 36. இதற்குக் குறைத்தால் கிண்ணம், கூட்டினால் கொண்டை. கை இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறுவதால் ஒன்றிரண்டு முன்னே பின்னே ஆகும். பையின் மதிப்பே தெரியாத பாட்டிமார்கள் இதை விரல் கணக்காக வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

கொண்டைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1940கள், 50களில் அமெரிக்க வீடுகளில் ஓரம் வேண்டுமென்றே சுருக்குச் சுருக்காக நிற்கும் விரிப்புகள் ஒரு மோகமாக இருந்தன. சர்க்கரைப் பாகில் முக்கி, ஓரத்தைத் தூக்கி நிறுத்திக் காயவைப்பார்கள். (நம் ஊரில் செய்திருந்தால் எறும்பு தூக்கிக்கொண்டு போயிருக்கும்!) அப்புறம் 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த லாட்வியப் பெண்மணி டைனா டைமினா, அதே கொண்டையை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொல்யாயும் லோபசெவ்ஸ்கியும் காகிதத்தில் நிறுவிய வேறு வகை வடிவியல் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள ஒரு புள்ளி வழியாக எத்தனை இணைகோடுகள் வேண்டுமானாலும் போகலாம். அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமே? வில்லியம் தர்ஸ்டன் என்ற கணித மேதை காகிதத் துண்டுகளை ஒட்டி மாதிரி செய்யச் சொல்லிக்கொடுத்திருந்தார். அது தொட்டால் கிழியும். டைமினா நூலை எடுத்தார். ஒவ்வொரு வரிசையிலும் ஒரே விகிதத்தில் தையலைக் கூட்டிக்கொண்டே போனார். கையில் வைத்து மடித்துப் பார்க்கக்கூடிய அந்த வளைபரப்பு கிடைத்துவிட்டது. நம் வீட்டில் "உட்காரவே மாட்டேங்குது" என்று பிரித்துப் போட்ட அதே பூதான்.

சரி, தட்டைக்கு வருவோம். தட்டையாக உட்காரும் பூக்களைச் சோறு போடும் தொழிலாக்கியது அயர்லாந்து. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த சில வருடங்களில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவுக்கோ அதற்கு மேலோ கப்பலேறினார்கள். அப்போது கார்க் பக்கத்துக் கன்னியாஸ்திரீ மடங்களில் பெண்களுக்குக் குரோஷா சொல்லிக்கொடுத்தார்கள். மோனகன் மாவட்டத்தில் குளோன்ஸ் என்ற ஊரில் கசாண்ட்ரா ஹாண்ட் என்ற பாதிரியார் மனைவி 1847இல் ஆரம்பித்துவைத்தார். வெனிஸ் நகரத்து விலை உயர்ந்த ஊசி லேஸைப் பார்த்து, அதே சாயலில் ரோஜா, இலை, திராட்சைக் கொத்து என்று தனித்தனிப் பூக்களாகப் பின்னினார்கள்.

அவர்கள் தட்டையாக்கிய விதம் ரொம்பக் கெட்டிக்காரத்தனம். பூவுக்குள்ளே ஒரு தடித்த நூலை வைத்து அதன்மேல் பின்னுவார்கள். அந்த நூலைக் கொஞ்சம் இழுத்தால் பூ குவியும், விட்டால் விரியும். தையலை எண்ணித் திருத்துவதற்குப் பதில் கயிற்றைப் பிடித்துத் திருத்துவது. பிறகு துணியில் உடையின் வடிவத்தை வரைந்து, பூக்களைக் குப்புறக் கவிழ்த்து அதன்மேல் இழையோட்டுவார்கள். இடைவெளியை வலைப்பின்னலால் நிரப்பிவிட்டு இழையைப் பிரித்தால் முழு லேஸும் கையோடு வரும். பூ பின்னுபவர் ஒருவர், இணைப்பவர் இன்னொருவர். கடைசியாக மெத்தென்ற துணிமேல் கவிழ்த்துப் போட்டு இஸ்திரி. நேராக வைத்துத் தேய்த்தால் பூவின் புடைப்பு நசுங்கிவிடும்.

இடையில் ஒரு வார்த்தை. நாகர்கோவில்காரர்கள் "எங்க ஊர் லேஸை விட்டுட்டீங்களே" என்று சண்டைக்கு வரலாம். அது வேறு வகை. 1820களில் மிஷனரி மனைவியான மார்த்தா மால்ட் தொடங்கிவைத்தது திண்டு லேஸ். திண்டின்மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்வது. அவர் மகள் எலைசாதான் நம் கால்டுவெல்லின் மனைவி. அவர் மூலமாக லேஸ் இடையன்குடிக்கும் போயிற்று. திண்டிலேயே குத்தி வைத்துச் செய்வதால் தட்டைப் பிரச்சினை அங்கே எழுவதில்லை. குரோஷா காற்றில் பின்னுவது, பிடிமானம் கையில் மட்டும்தான்.

இப்போது நர்சாபூர். கோதாவரியின் வசிஷ்டா கிளை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், மேற்கு கோதாவரி மாவட்டத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் ஏழைக் கிறிஸ்தவப் பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார்கள். அது குரோஷாவாக வேரூன்றி, பிறகு வெளி வேலைக்கு அனுப்பப்படாத காப்பு சாதிப் பெண்களின் வீடுகளுக்கும் பரவியது. ஜெர்மனியைச் சேர்ந்த சமூகவியலாளர் மரியா மீஸ் 1970களின் கடைசியில் அங்கே தங்கி ஆராய்ந்து, 1982இல் ஒரு புத்தகம் போட்டார். லேஸைப் பற்றி இத்தனை கோபமாக ஒரு புத்தகம் எழுத முடியுமா என்று இருக்கும்.

வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒருத்தி பூக்கள் மட்டும் பின்னுவாள். அவற்றைச் சேர்க்கும் வேலைக்குத் தெலுங்கில் 'அதுகு பனி' என்று பெயர், இணைப்பு வேலை. ஏஜென்ட் நூலைக் கொடுத்துவிட்டுப் பின்னலை வாங்கிப்போவார். பூ பின்னுகிறவள் முழு விரிப்பைப் பார்ப்பதே அபூர்வம். கூலி துண்டுக் கணக்கு, நேரக் கணக்கு கிடையாது. எட்டு மணி நேர உழைப்புக்கு ஒரு ரூபாய்கூடத் தேறவில்லை என்று மீஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். கேட்டால், "வீட்டிலே சும்மா உட்கார்ந்திருக்கிற பொம்பளைங்க, ஓய்வு நேரத்திலே செய்யறாங்க" என்பார்களாம். அந்த ஒரு வரியால் லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் தொழிலாளிகள் கணக்கிலேயே வராமல் போனார்கள். சரக்கு மட்டும் ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனது.

தட்டைக் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். பத்துப் பெண்கள் பத்து இறுக்கத்தில் பின்னிய பூக்களைச் சேர்த்தால் விரிப்பு அங்கங்கே உப்பும். ஓரளவு உப்பலைத் துவைத்து, கஞ்சி போட்டு, இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்துச் சமாளிக்கலாம், பருத்தி நூல் அதற்கு வளைந்து கொடுக்கும். ஆறுக்குப் பதில் எட்டுக் கூட்டிய பூவைக் கஞ்சியால் ஒன்றும் செய்ய முடியாது. பிரிக்க வேண்டும். பிரித்தால் நூல் திரும்பக் கிடைத்துவிடும். துண்டுக் கூலியில், போன ஒரு மணி நேரம் பின்னியவளின் கணக்கில்தான் போகும்.

நர்சாபூர் குரோஷா லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான். சைனா மெஷின் லேஸோடு மல்லுக்கட்டுகிற தொழிலுக்கு ஒரு பெயராவது இருக்கட்டும். பெயரால் வரும் கூடுதல் விலையில் எவ்வளவு ஏஜென்டைத் தாண்டிப் போகும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

அடுத்த முறை கைவினைக் கண்காட்சி எதிலாவது நர்சாபூர் விரிப்பைப் பார்த்தால் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பூக்கள் சேரும் இடத்தில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு விரலை நகர்த்தினால், இறுக்கம் மாறுவது தெரியும்.