ஷாத்தோ முசார்

ஷாத்தோ முசார் என்பது லெபனான் நாட்டின் புகழ்பெற்ற திராட்சை மது ஆலைகளுள் ஒன்றாகும். இது பெய்ரூட்டுக்கு வடக்கே கசீர் என்னும் ஊரில் உள்ளது. பிரான்சில் சில காலம் தங்கித் திரும்பிய காஸ்தோன் ஹோஷார், 1930ஆம் ஆண்டு இங்குள்ள பழைய கோட்டையின் நிலவறையில் இதனைத் தொடங்கினார். அவருடைய மூத்த மகன் செர்ஜ் ஹோஷார் போர்தோவில் மதுவியல் பயின்று, 1959இல் மது வடிக்கும் பொறுப்பை ஏற்றார்.

திராட்சை வகைகள்

ஆலை கசீரில் இருந்தாலும், தோட்டங்கள் லெபனான் மலைக்கு அப்பால், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரமுள்ள பெக்கா பள்ளத்தாக்கில் உள்ளன. முதன்மையான சிவப்பு மது காபர்நே சோவினியோன், காரின்யான், சான்சோ ஆகிய மூன்று வகைத் திராட்சைகளின் கலவை. முதலாவது துவர்ப்பையும் உறுதியையும், இரண்டாவது செறிவையும், மூன்றாவது நறுமணத்தையும் மென்மையையும் தருகின்றன. ஒவ்வொரு வகையும் சிமெண்டுத் தொட்டிகளில் தனித்தனியே நொதிக்கவைக்கப்படுகிறது. பிறகு ஓராண்டு பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாய்களில் இருந்து, கலக்கப்பட்டு, புட்டிகளில் அடைக்கப்படுகிறது. அறுவடையிலிருந்து ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழித்தே அது விற்பனைக்கு வருகிறது.

போர்க்காலம்

1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரில், தோட்டத்துக்கும் ஆலைக்கும் இடைப்பட்ட இந்த மலைவழியே பெரும் இடராயிற்று. திராட்சை ஏற்றிய லாரிகள் போர்முனைகளையும் சோதனைச் சாவடிகளையும் கடந்து வரவேண்டியிருந்தது. 1976இல் மது வடிக்கவே இயலவில்லை. 1984இல் லாரிகள் பல நாள்கள் தாமதமாக வந்து சேர்ந்தபோது, பழங்கள் வழியிலேயே நொதிக்கத் தொடங்கியிருந்தன. எனினும் செர்ஜ் ஆலையை மூடவில்லை. நாட்டைவிட்டு வெளியேறவும் இல்லை.

உள்நாட்டுச் சந்தை முடங்கியதால் அவர் வெளிநாட்டுச் சந்தையை நாடினார். 1979இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மதுக் கண்காட்சியில், புகழ்பெற்ற மதுச் சுவைஞர் மைக்கேல் பிராட்பென்ட் முசாரின் 1967ஆம் ஆண்டு மதுவைப் பெரிதும் பாராட்டினார். அதன்பின் பிரிட்டன் அதன் முக்கியச் சந்தையாயிற்று. 1984இல் 'டிகேண்டர்' இதழ், 'ஆண்டின் சிறந்த மனிதர்' என்னும் தன் விருதை முதன்முதலாகச் செர்ஜுக்கு வழங்கியது. அவர் 2014 திசம்பர் 31 அன்று மறைந்தார். ஆலை இன்றும் அவருடைய குடும்பத்தாரிடமே உள்ளது.

உணவுடன்

முதன்மைச் சிவப்பு மது, சுட்ட ஆட்டிறைச்சி, வேட்டை இறைச்சி, முதிர்ந்த பாலாடைக்கட்டி போன்ற கனமான உணவுகளுக்கு ஏற்றது. இறைச்சியிலுள்ள புரதமும் கொழுப்பும் மதுவின் துவர்ப்பைத் தணிப்பதே இதற்குக் காரணம். மரப் பீப்பாயில் வைக்கப்படாத 'முசார் ஜோன்' என்னும் இளைய மது, மெஸ்ஸே எனப்படும் லெபனானியச் சிற்றுணவுகளுக்குப் பொருந்தும். முதன்மை மது வடிகட்டப்படாமல் அடைக்கப்படுவதால் புட்டியின் அடியில் வண்டல் தங்கும். எனவே அதைச் சில மணிநேரம் நிமிர்த்தி வைத்து, தெளிந்த பகுதியை வேறு குடுவைக்கு மெல்ல மாற்றிப் பரிமாறுவது வழக்கம்.