எட்டு போட்டா போதுமா?

எங்க ஊர் திருவண்ணாமலை. எட்டுங்கிற நம்பருக்கும் எங்க ஊருக்கும் நெருக்கம் ஜாஸ்தி. மலையைச் சுத்தி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, அதுல எட்டு லிங்கம். இந்திர லிங்கத்துல ஆரம்பிச்சு ஈசான்ய லிங்கத்துல முடியும். மூணாவதா வர்ற எம லிங்கம் இருக்கறது செங்கம் ரோட்டு மேல. ஏன் அதை மட்டும் தனியா சொல்றேன்னு கீழே வரும்.

இன்னொரு எட்டு, லைசென்ஸ் டெஸ்ட்ல போடுற எட்டு. தமிழ்நாட்டுல லைசென்ஸ் எடுத்துட்டு வர்றவனை "எட்டு போட்டியா?"ன்னுதான் கேப்பாங்க. "ஓட்டத் தெரியுமா?"ன்னு ஒருத்தரும் கேட்டதா ஞாபகம் இல்லை. இந்த லைசென்ஸ், டெஸ்ட், எல் போர்டு எல்லாம் எங்கேருந்து வந்ததுன்னு கொஞ்ச நாளா தேடிப் படிச்சேன். (ஆபீஸ்ல பில்டு ஓடுற நேரத்துலதாங்க. மேனேஜருக்கு தமிழ் தெரியாது.)

கதை ஆரம்பிக்கறது 1896, ஆகஸ்ட் 17. லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானம். பிரிட்ஜெட் டிரிஸ்கால்னு 44 வயசு அம்மா ஒருத்தர், தன் பொண்ணோட விழா பார்க்க நடந்து வந்திருக்கார். அங்கே மோட்டார் கார்னா என்னன்னு ஜனங்களுக்குக் காட்ட சவாரி விட்டுக்கிட்டு இருந்தாங்க. அதுல ஒரு கார் அவர் மேல மோதி அங்கேயே இறந்துட்டார். பிரிட்டன்ல கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான். ஓட்டினவர் கார் ஓட்ட ஆரம்பிச்சு மூணே வாரம். மணிக்கு நாலு மைல் வேகத்துலதான் போனேன்னு சொன்னார். விசாரணை நடந்து, தற்செயலான மரணம்னு தீர்ப்பாச்சு. லைசென்ஸ், டெஸ்ட் எதுவுமே இல்லாத காலம், வேற என்ன சொல்ல முடியும்?

சரியா 15 நாள் கழிச்சு, 1896 செப்டம்பர் 1 அன்னிக்கு, மதுரையிலிருந்து கிளம்பின வெங்கட்ராமன்ங்கிற 16 வயசுப் பையன் எங்க ஊர்ல ரயிலை விட்டு இறங்கினான். பின்னாள் ரமண மகரிஷி. ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனா தேதியைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அன்னிக்கு இந்த மலையைச் சுத்தி நடந்த ஜனங்க யாரும் காரைப் பார்த்திருக்கவே மாட்டாங்க.

பிரிட்டன்ல 1903ல சட்டம் போட்டு, 1904லேருந்து லைசென்ஸ் கட்டாயம் ஆச்சு. அஞ்சு ஷில்லிங் கட்டினா போதும், ஓட்டத் தெரியணும்னு அவசியம் இல்லை! இந்தக் கூத்து முப்பது வருஷம் ஓடிச்சு. 1934ல அந்த ஊர்ல ஓடினது சுமார் 24 லட்சம் வண்டி, செத்தது 7,343 பேர். அதுல ஏறக்குறைய பாதிப் பேர் நடந்து போனவங்க. அதுக்கப்புறம்தான் முழிச்சுக்கிட்டு 1935 ஜூன்லேருந்து டெஸ்டை கட்டாயமாக்கினாங்க, எல் போர்டும் அப்பதான் வந்தது. அந்த வருஷம் சாவு 6,502ஆ குறைஞ்சது. ஊருக்குள்ள 30 மைல் வேகக் கட்டுப்பாடும் அதே வருஷம் வந்ததால, மொத்தப் பெருமையையும் டெஸ்டுக்கே எழுதி வைக்க முடியாது.

நம்ம பக்கம் வருவோம். மதராஸ்ல எம்சி 1 நம்பர் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கோட காருக்கு. எம்சி 3 கட்டட கான்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டியாருக்கு. இந்திய மோட்டார் வாகனச் சட்டம் 1914ல வந்தது. 18 வயசு, லைசென்ஸ் ரெண்டும் அதிலேயே உண்டு. 1939 சட்டத்துல என்னென்ன சோதிக்கணும்னு டெஸ்டுக்கு தனி அட்டவணையே போட்டாங்க. இப்ப இருக்கற 1988 சட்டம் நடைமுறைக்கு வந்தது 1989 ஜூலை 1. டிரைவிங் ஸ்கூலுக்கு அரசு உரிமம் வேணும்ங்கறது இதோட 12வது பிரிவு. அதே 1989 செப்டம்பர்லதான் வட ஆற்காட்டிலிருந்து பிரிஞ்சு நாங்க தனி மாவட்டம் ஆனோம். டிஎன் 25 எங்க நம்பர், ஞாபகம் வச்சுக்கோங்க.

சட்டம் இப்படி ஓடிட்டிருக்க, ஊர்ல நிஜமா டிரைவர் உருவானது வேற வழி. எங்க பெரியப்பா லாரி டிரைவர். அவர் ஸ்கூலுக்கெல்லாம் போகலை, கிளீனரா ஏறினவர். மூணு வருஷம் ஸ்டீயரிங் பக்கமே விடலையாம். டயர் கழட்டணும், கண்ணாடி துடைக்கணும், ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்னாடி நின்னு "வரலாம் வரலாம்"னு குரல் கொடுக்கணும். ராத்திரி டிரைவர் தூங்காம இருக்க பேச்சு கொடுத்துக்கிட்டே இருக்கணும். "வண்டிக்குப் பின்னாடி மூணு வருஷம் நின்னேன்டா, அதனாலதான் பின்னாடி யார் நிப்பாங்கன்னு எனக்குத் தெரியும்"பார். அந்த முறையிலயும் கொடுமை உண்டு. சம்பளம் கிடையாது, அடி உண்டு. அதைப் புனிதமாக்க நான் வரலை. ஆனா அந்த மூணு வருஷத்துக்குப் பதிலா எனக்குக் கிடைச்சது என்ன தெரியுமா? 10 நாள். நாளைக்கு அரை மணி.

வேலை கிடைச்ச புதுசு. பழைய மாருதி 800, மாஸ்டர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். நான் என்னவோ பிரமாதமா ஓட்டறதா நினைச்சுக்கிட்டேன். கிளட்சை முக்கால்வாசி அவர்தான் மிதிச்சிருக்கார்னு சொந்தமா ஒரு வண்டியைத் தொட்டப்புறம்தான் தெரிஞ்சது. கண்ணாடி பார்க்கச் சொன்னாரான்னா, சொன்னார். "டெஸ்ட்ல இன்ஸ்பெக்டர் கவனிப்பார், தலையைத் திருப்பிப் பாக்கற மாதிரி பண்ணுங்க சார்". பாக்கற *மாதிரி*!

டெஸ்டுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, அப்பாவோட நண்பரைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு அவர் கார்ல செங்கம் ரோடு. பௌர்ணமி இல்லை, ஆனாலும் கிரிவலம் போறவங்க எந்த நாளும் உண்டு. எம லிங்கம் தாண்டலை. ஒரு பஸ் பின்னாடி ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்துச்சு, பதட்டத்துல இடது பக்கம் ஒடிச்சேன். அங்கே ஒரு பாட்டி, கூட இன்னொரு அம்மா, ரெண்டு பேரும் வெறுங்கால்ல நடந்துட்டிருந்தாங்க. பிரேக்குன்னு நினைச்சு கிளட்சை மிதிச்சேன். நண்பர் கை பிரேக்கை இழுத்தார். பம்பருக்கும் பாட்டி புடவைக்கும் நடுவுல ஒரு ஜாண் கூட இருக்காது.

திட்டுவாங்கன்னு நினைச்சேன். பாட்டி குனிஞ்சு முன்னாடி ஒட்டியிருந்த சிவப்பு எல்-ஐப் பார்த்தாங்க. அந்த அம்மா என்னன்னு சொல்லியிருப்பாங்க போல. "கத்துக்கறானாம்"னு சொல்லிட்டு, அண்ணாமலையாரே அப்பான்னு நடையைக் கட்டிட்டாங்க. எனக்குத்தான் ரொம்ப நேரம் கால் நடுங்கிச்சு. தப்பு முழுக்க என்னுது. பஸ் மேல பழி போட எனக்கு அருகதை இல்லை.

அப்புறம் டெஸ்ட் பாஸ் பண்ணிட்டேன். மூணு நிமிஷம் இருக்கும். எந்த ஊர் ஆபீஸ்னு கேக்காதீங்க.

1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 15வது விதியை எடுத்துப் படிச்சுப் பாருங்க. டெஸ்ட்ல என்னென்ன பாக்கணும்னு ஒரு நீளமான பட்டியல். மேட்டுல நிறுத்தி பின்னால உருளாம கிளப்பணும். திரும்பறதுக்கு முன்னாடி கண்ணாடி பாக்கணும். சிக்னலோ போலீஸோ இல்லாத கடவுப் பாதையில நடக்கறவங்களுக்கு வழி விடணும். நடக்கறவங்க, சைக்கிள்காரங்க அடுத்து என்ன செய்வாங்கன்னு முன்கூட்டியே ஊகிக்கணும். மத்தவங்க மேல அக்கறை காட்டணும்னு கூட இருக்கு. அசந்துட்டேன். யாரோ நல்லா யோசிச்சு எழுதியிருக்காங்க. ஆனா இதுல எட்டு போட்டு நிரூபிக்கக் கூடியது ஒண்ணோ ரெண்டோதான். காலி மைதானத்துல எந்த பாட்டியை ஊகிக்கறது?

2021 ஜூலை 1லேருந்து அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையம்னு ஒண்ணு வந்திருக்கு (ஜூலை 1ல அப்படி என்ன ராசியோ!). காருக்கு 29 மணி நேரப் பயிற்சி. 8 மணி நேரம் பாடம், 21 மணி நேரம் ஓட்டறது. அங்கே தேறினா ஆபீஸ்ல தனியா டெஸ்ட் கிடையாது. என்னோட அஞ்சு மணி நேரத்தோட ஒப்பிட்டா இது எவ்வளவோ தேவலை. ஆனா டெஸ்டையே எடுத்துட்டு சர்டிஃபிகேட்டை மட்டும் நம்பறது எனக்குக் கொஞ்சம் உதைக்குது. எழுதினவனே டெஸ்டும் பண்ணினா சாஃப்ட்வேர் என்ன கதி ஆகும்னு நமக்குத் தெரியாதா?

2022ல மட்டும் நாடு முழுக்க சாலையில செத்தவங்க 1,68,491 பேர். தமிழ்நாட்டுல 64,105 விபத்து, எண்ணிக்கையில நாமதான் முதலிடம். 2023 அக்டோபர்ல எங்க செங்கம் பக்கத்துலயே பல உயிரை வாங்கின ரெண்டு பெரிய விபத்து. டிவியில பார்த்திருப்பீங்க.

சித்தி பையனுக்கு 18 ஆயிடுச்சு, அடுத்த வாரம் எல்.எல்.ஆர். எடுக்கறான். "அண்ணா, நீயே கத்துக் குடுத்துடு, ஸ்கூலுக்கு எதுக்கு காசு"ன்னு கேட்டான். ஸ்கூல்ல சேர், மீதியை நான் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கேன். வர்ற பௌர்ணமிக்கு மொத கிளாஸ், 14 கிலோமீட்டர். "கார்லயா?"ன்னு கேட்டான். செருப்பை வீட்டுல விட்டுட்டு வரச் சொல்லியிருக்கேன்.