கொத்தடிமையும் ஜீதமும்: ஒரு சொல்வரலாற்று நோக்கு

ஆண்டுதோறும் பிப்ரவரி 9 கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்பெறுகிறது. 1976இல் இந்நாளில்தான் ஒழிப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. 1835ஆம் ஆண்டின் அடிமை ஒழிப்பை நினைவுகூர்ந்து மொரீசியசு பிப்ரவரி 1ஐப் பொதுவிடுமுறையாகக் கொண்டாடுகிறது. அத்தீவுக்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோருள் தென்னிந்தியரும் இருந்தனர். இந்தியாவிலோ இந்நாள் பெரும்பாலும் அரசு அலுவலக உறுதிமொழியோடு முடிந்துவிடுகிறது.

பிரித்தானியப் பேரரசின் 1833ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளை விலக்கி வைத்தது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டமும் அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கவில்லை. அடிமையின்மீது ஆண்டை கோரும் உரிமையை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என்ற அளவிலேயே அது நின்றது. நிலமும் கடனும் ஆண்டையிடமே இருந்தன. ஆதலின் அடிமை என்ற பெயர் ஆவணத்திலிருந்து நீங்கியது. ஆள் பண்ணையைவிட்டு நீங்கவில்லை.

1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் சிறப்பு, இந்நிலையை மக்கள் வழங்கிய பெயர்களாலேயே அடையாளம் கண்டதாகும். அதன் விளக்கப் பட்டியலில் படியாள், பண்ணையாள் ஆகிய தமிழ்ச் சொற்கள் சற்றே சிதைந்த வடிவில் இடம்பெற்றுள்ளன. வெட்டி என்பதும் உண்டு. கூலியற்ற கட்டாய உழைப்பைச் சோழர் கல்வெட்டுகள் குறித்த சொல்லும் இதுவே. கல்வெட்டுச் சொல்லொன்று இருபதாம் நூற்றாண்டின் ஒழிப்புச் சட்டத்தில் வந்து நிற்பது பெருமைப்படத்தக்க செய்தியன்று.

அதே பட்டியலில் கன்னட நாட்டு வழக்கான ஜீதமும் உள்ளது. பெங்களூரில், தண்டுப் பகுதியை ஒட்டித் தமிழர் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் அல்சூரில் இவ்விரு மொழிகளும் அருகருகே வழங்குகின்றன. ஒரே நிலைக்கு அவை தரும் பெயர்களை ஒப்பிடுதல் பயனுடையது. ஜீதம் என்பதன் அடிப்படைப் பொருள் ஊதியம்; பிழைப்புக்குரியது எனப் பொருள்படும் ஜீவிதத்தின் திரிபு அது. கொத்தடிமை என்பதோ குடும்பத்தோடு அடிமைப்பட்டோரைக் குறிக்கும். கன்னடச் சொல் கொடுப்பவனின் கணக்கேட்டிலிருந்து பேசுகிறது; தமிழ்ச் சொல் கட்டுண்டவனின் நிலையைச் சொல்கிறது. சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் இல்லாத 'அடிமை' தமிழ்ப் பெயரில் இருப்பதும் நோக்கத்தக்கது.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் குடும்பத்தோடு வேலை செய்பவர் பெற்ற முன்பணத்தை ஊதியத்தின் முன்தொகை எனக் கொள்வதா, கட்டிவைக்கும் கடன் எனக் கொள்வதா என்பதே விசாரணையின் முதல் வினாவாகிறது. கட்டாய உழைப்பு மெய்ப்பிக்கப்பட்டால், முன்பணத்துக்கு ஈடாகவே அது பெறப்படுகிறது என ஊகிக்க வேண்டும் என்றும், அதை மறுத்து நிறுவும் பொறுப்பு வேலையளிப்பவருடையது என்றும் அரியானா மாநிலக் கல்குவாரித் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் 1983ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. கோட்ட அலுவலர் கடன் என்று எழுதினால் விடுதலைச் சான்று கிடைக்கும், கடனும் அற்றுப்போகும். ஊதியம் என்று எழுதினால் அது கூலித் தகராறு. அக்குடும்பம் சூளைக்கே திரும்ப வேண்டியதாகும்.